டென்னிஸ் இரட்டையர் ஆட்டம் பிழைப்பாகுமா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், திருச்சி பக்கத்து மைதானங்களில் மாலை ஆட்டம் முடிந்து பந்து பொறுக்கும் நேரத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் வார்த்தையிலேயே வைத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாது.

1. சிங்கிள்ஸ்ல தேறாதவங்கதானே டபுள்ஸுக்குப் போறாங்க?

பாதி உண்மை. அதனால்தான் இந்தக் கேள்வி ஓய்வதே இல்லை. பெரும்பாலான இரட்டையர் வீரர்கள் ஒற்றையரில் தொடங்கி, அங்கே கைக்காசு கரைகிற கட்டத்தில்தான் இந்தப் பக்கம் வருகிறார்கள். ஆனால் வந்தபிறகு செய்கிற வேலை வேறு. பேஸ்லைனில் (கோர்ட்டின் பின்கோட்டில்) நின்று இருபது பந்து மாறி மாறி அடிக்கும் திறமைக்கு இங்கே மதிப்பு குறைவு. சர்வ், ரிட்டர்ன் (சர்வைத் திருப்பி அடிப்பது), முதல் வாலி (பந்து தரையில் படும் முன் அடிப்பது), தலைக்கு மேல் வரும் பந்து ஆகிய நான்கையும் கூர்மையாக வைத்திருப்பவர்தான் நிலைக்கிறார்.

லியாண்டர் பயஸ் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையரில் வெண்கலம் வாங்கியவர். அவருடைய 18 கிராண்ட்ஸ்லாம் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்களோ ஆண்கள் இரட்டையரில் 8, கலப்பு இரட்டையரில் 10. மகேஷ் பூபதி 1997 பிரெஞ்சு ஓபனில் ஜப்பானின் ரிகா ஹிராகியுடன் வென்றது இந்தியர் ஒருவரின் முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம். அதுவும் கலப்பு இரட்டையர்தான். 1999ல் பயஸும் பூபதியும் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கும் போய் பிரெஞ்சு ஓபனையும் விம்பிள்டனையும் வென்றார்கள். இவர்களைத் தேறாதவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

2. கோர்ட் ஒண்ணுதானே, அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36 அடி. பக்கத்துக்கு நாலரை அடி கூடுகிறது. நீளம் அதே 78 அடி. கவனிக்க வேண்டியது, சர்வீஸ் கட்டம் மாறுவதில்லை. ரிட்டர்ன் அடிப்பவருக்கு அகலமான கோர்ட் கிடைக்கிறது, ஆனால் அதில் நெட் அருகே ஒருவர் காத்திருக்கிறார். ஆட்டத்தின் முடிச்சு முழுவதும் இதில்தான்.

புள்ளிக் கணக்கும் வேறு. ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) சுற்றின் இரட்டையரில் 2006 முதல் 40-40 ஆனால் அட்வான்டேஜ் (இரண்டு புள்ளி முன்னிலை வரும்வரை ஆடுவது) கிடையாது, அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடியும். அந்தப் புள்ளியை வலப்பக்கம் வாங்குவதா, இடப்பக்கம் வாங்குவதா என்பதை ரிட்டர்ன் ஜோடி முடிவு செய்யும். ஆளுக்கொரு செட் என்றால் மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டைபிரேக் என்ற குறுகிய தீர்வு ஆட்டம். கிராண்ட்ஸ்லாம் ஆண்கள், பெண்கள் இரட்டையரில் மூன்றாவது செட்டை முழுதாக ஆடுகிறார்கள். விம்பிள்டன் ஆண்கள் இரட்டையர் 2022 வரை ஐந்து செட்டாக இருந்து, 2023ல் மூன்றாகக் குறைந்தது. ஆட்டம் குறுகக் குறுக ஒவ்வொரு 40-40ம் எடை கூடுகிறது. பலம் குறைந்த ஜோடி பெரிய ஜோடியைக் கவிழ்ப்பது இங்கே அடிக்கடி நடப்பதற்கு இது ஒரு காரணம்.

3. பையனுக்குப் பதிமூணு வயசு. இப்பவே டபுள்ஸ்னு ஒதுக்கிடலாமா?

வேண்டாம். பதினெட்டு, இருபது வயது வரை ஒற்றையரை விடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கால் வேகமும் ரிட்டர்ன் பலமும் ஒற்றையரில்தான் வளரும். இரட்டையர் டிராவுக்குள் (போட்டியில் ஆடுபவர்களின் பட்டியலுக்குள்) நுழைய ஒற்றையர் தரவரிசையும் உதவும் (6ஆம் கேள்வியில் பாருங்கள்).

அதே சமயம் ஜூனியர் போட்டிகளில் இரட்டையரைக் கைகழுவுவதும் தவறு. ஒற்றையரில் தோற்ற அன்று மாலையே உழவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும் என்று இரட்டையரிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறார்கள். டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) ஜூனியர் தரவரிசையில் சிறந்த ஆறு ஒற்றையர் முடிவுகளுடன், சிறந்த ஆறு இரட்டையர் முடிவுகளின் புள்ளியில் 25 சதவீதம் சேர்கிறது. விட்டுவிட்டு வருவது அந்தப் புள்ளியையும் சேர்த்துத்தான்.

4. எங்க ஊர்ல மழைன்னா கோர்ட்ல கால் வைக்க முடியல. ஆட நாலு பேரும் கிடைக்கல. இங்க இருந்தே ஆக முடியுமா?

அடித்தளத்தை இங்கேயே போடலாம். அதற்குமேல் சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் தங்கி ஆட வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சமமான பலமுள்ள ஆட்கள் தினமும் வேண்டும், அந்த எண்ணிக்கை இங்கே இல்லை.

நாலு பேர் கிடைக்காவிட்டால் இரண்டு பேரே இரட்டையர் பயிற்சி செய்யலாம். கோர்ட்டின் ஒரு குறுக்குப் பாதி மட்டும், பக்கத்து நாலரை அடியும் சேர்த்து. ஒருவர் சர்வ் போட்டு நெட்டுக்கு ஓடி வர வேண்டும், மற்றவர் குறுக்கே மட்டும் ரிட்டர்ன் அடிக்க வேண்டும். நேராக அடித்தால் அவுட். 11 புள்ளிக்கு ஆடி, பக்கம் மாறுங்கள். தனியாள் என்றால் சுவர்: மூன்று மீட்டர் தள்ளி நின்று, பந்து தரையில் படாமல் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்கம்), பேக்ஹேண்ட் (புறங்கைப் பக்கம்) மாற்றி மாற்றி 50 வாலி. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஏதாவது ஒரு கூரையும் ஒரு சுவரும் போதும்.

கோர்ட் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. டெல்டா களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் பிளக்கும். மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு ஜல்லி, கிராவல் போட்டு இறுக்காமல் சிமெண்டை ஊற்றினால், இரண்டு கோடையில் வயல்வெடிப்பு மேலே தெரியும். சிமெண்ட் தளம் பத்தடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் ஒரே பக்கமாகச் சரிய வேண்டும். நெட் இருக்கும் இடத்தை மேடாக்கி இருபுறமும் சரித்தால் நெட்டின் உயரமே பொய்யாகிவிடும். நடுவில் 3 அடி, கம்பத்தில் மூன்றரை அடி என்பதை மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். அரை அங்குலம் தொய்ந்த நெட்டில் பழகியவன் வெளியூரில் வாலியை நெட்டிலேயே அடிப்பான்.

5. எங்க பேர் பதியணும், பாயின்ட் எங்கேர்ந்து ஆரம்பிக்கும்?

முதலில் அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பதிவு எண். பிறப்புச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும், வயது விஷயத்தில் பிறகு திருத்தம் கேட்டு அலைய முடியாது. 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோர், பிறகு ஆடவர், மகளிர். பதிமூன்று வயதிலிருந்து ஐடிஎஃப் ஜூனியர் போட்டிகள். அதற்கு ஐபின் என்கிற சர்வதேசப் பதிவு எண் வேண்டும்.

தொழில்முறையில் ஆண்களுக்கு முதல் படி எம்15, அடுத்து எம்25. பட்டம் வென்றால் முறையே 15, 25 புள்ளி. அதற்கு மேல் சேலஞ்சர் போட்டிகள் 50 முதல் 175 வரை, பிறகு ஏடிபி 250, 500, 1000, உச்சியில் 2000 புள்ளி தரும் கிராண்ட்ஸ்லாம். பெண்களுக்கு டபிள்யூ15, டபிள்யூ35 என்று தொடங்கும். திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் நேராகப் பறக்கலாம். தென்கிழக்கு ஆசியாவில் தொடர்ச்சியாகச் சில வாரம் போட்டி வரும்போது இதைப் பயன்படுத்துங்கள். ஒரு வாரத்துக்காக வெளிநாடு போய் வருவது வீண் செலவு.

6. ரேங்க் ஜோடிக்கா, ஆளுக்கா?

ஆளுக்கு. ஜோடியாக வாங்கிய புள்ளி இருவர் கணக்கிலும் முழுதாக ஏறும், பிரிந்தாலும் அவரவருடனே போகும். ஒவ்வொரு புள்ளியும் 52 வாரம் உயிரோடு இருக்கும், பிறகு உதிரும்.

போட்டியில் இடம் கிடைக்குமா என்பதற்கு இருவர் தரவரிசையையும் கூட்டுவார்கள். ஒருவர் 60, மற்றவர் 85 என்றால் ஜோடியின் எண் 145. குறைந்த எண் உள்ள ஜோடிகள் உள்ளே. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விதி: ஒருவர் தன் இரட்டையர் தரவரிசைக்குப் பதில் ஒற்றையர் தரவரிசையைக் காட்டியும் நுழையலாம், எது நல்லதோ அது. ஒற்றையரில் 30ஆவது இடத்தில் இருப்பவர் இரட்டையரில் ஒரு புள்ளிகூட இல்லாமல் உள்ளே வந்துவிடுவார். கிராண்ட்ஸ்லாமில் 64 ஜோடிக்கு இடம் என்றாலும் அதில் கணிசமான பங்கு இப்படிப் போய்விடும். இரட்டையர் மட்டும் ஆடுபவர்களின் நிரந்தர மனக்குறை இது. எங்களுக்கும் அது நியாயமாகவே படுகிறது.

7. ஒருத்தர் சர்வ் போடுறார். நெட்ல நிக்கிறவர் சும்மாத்தானே நிக்கிறார்?

அவர்தான் அந்தப் புள்ளியின் பாதி. சர்வீஸ் கட்டத்தின் ஆழம் 21 அடி. நெட் ஆட்டக்காரர் அதன் நடுவிலோ, சற்று முன்னாலோ, அதாவது நெட்டிலிருந்து எட்டு, பத்து அடியில் நிற்பார். எதிராளியின் மட்டை பந்தில் படும் கணத்தில் இரு காலும் தரையில் லேசாகக் குதித்து ஊன்ற வேண்டும். அந்தக் குதி இல்லாவிட்டால் எந்தப் பக்கமும் கிளம்ப முடியாது. குறுக்கே வரும் பந்தை வெட்டப் போவதற்குப் போச் என்று பெயர். போக வேண்டியது பக்கவாட்டில் இல்லை, நெட்டின் நடுப்பட்டையை நோக்கிச் சாய்வாக முன்னே. பக்கவாட்டில் ஓடினால் பந்து நெட் மட்டத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கிடைக்கும். கீழிருந்து தூக்கி அடிக்க வேண்டிவரும், எதிரே இருப்பவர் அதைப் பிளந்துவிடுவார்.

தவறு இரண்டு வகை. சீக்கிரம் கிளம்பினால் ரிட்டர்ன் அடிப்பவர் ஓரக்கண்ணில் பார்த்து, காலியான கோட்டோரம் அடிப்பார். அவர் மட்டையை முன்னே கொண்டு வரத் தொடங்கிய பிறகு கிளம்புங்கள். அப்போது அவரால் திசை மாற்ற முடியாது. இரண்டாவது தவறு, ஒருமுறை கோட்டோரம் அடி வாங்கியதும் பயந்து மூன்று கேம் அசையாமல் நிற்பது. பத்தில் மூன்று புள்ளி போனாலும் ஏழு கிடைத்தால் அது லாபம்தான். பையன் கோட்டோரப் பந்தை விட்டுவிட்டான் என்று வெளியிலிருந்து கத்தும் பெற்றோர் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும்.

சர்வ் போடுபவரின் பங்கு, பந்தை நடுக்கோட்டருகே போடுவது. நடுவில் விழுந்த பந்தை ஓரமாகத் திருப்பக் கோணம் கிடைக்காது, நடுவழியாகவே வரும், அங்கே ஆள் இருக்கிறார். முதல் சர்வை முழுப் பலத்தில் அடித்துப் பத்தில் ஐந்து உள்ளே போடுவதைவிட, எண்பது சதவீத வேகத்தில் ஏழு போடுவது இரட்டையருக்கு உகந்தது. இரண்டாவது சர்வ் வந்துவிட்டால் நெட் ஆட்டக்காரருக்கு ஒரு கை கட்டிய மாதிரி.

8. முதுகுக்குப் பின்னாடி விரல் காட்டுறாங்களே, அது என்ன பாஷை?

பொதுவான அகராதி கிடையாது, ஜோடிக்கு ஜோடி மாறும். பரவலான ஒரு முறை: முதலில் விரல், சர்வ் எங்கே என்பதற்கு (ஒன்று ஓரம், இரண்டு உடம்பு மேல், மூன்று நடுக்கோடு). பிறகு மூடிய கை என்றால் நான் இங்கேயே, விரித்த கை என்றால் குறுக்கே போகிறேன், நீ என் இடத்தை மூடு. சர்வ் போடுபவர் வாயால் ‘சரி’ என்று பதில் சொல்ல வேண்டும். இந்த ‘சரி’யை விடுவதால்தான் ஜூனியர் ஆட்டங்களில் இருவரும் ஒரே பக்கம் ஓடிப் போய் நிற்கிறார்கள்.

நெட் ஆட்டக்காரர் நடுக்கோட்டின் மேல் குனிந்து உட்கார்ந்து, சர்வ் போனதும் ஒரு பக்கம் பாய்வதற்கு ஐ அமைப்பு என்று பெயர். அதில் சைகை கட்டாயம். சர்வும் நடுக்கோட்டுக்குப் போயாக வேண்டும், ஓரத்துக்குப் போனால் அமைப்பே சிதறிவிடும்.

9. வலது, இடது பக்கம் யார் ஆடுறதுன்னு எப்படி முடிவு பண்றது?

இருவரும் வலக்கையர் என்றால், பேக்ஹேண்ட் ரிட்டர்ன் நன்றாக உள்ளவர் இடப்பக்கம். இடக்கையர் ஒருவர் இருந்தால் வழக்கமாக அவர் இடப்பக்கம் நிற்பார், இருவர் ஃபோர்ஹேண்டும் வெளிப்பக்கம் இருக்கும். 16 கிராண்ட்ஸ்லாம் ஒன்றாக வென்ற பிரையன் சகோதரர்களில் இடக்கையரான பாப் இடப்பக்கம், மைக் வலப்பக்கம்.

எடுத்த பக்கத்தை அந்த செட் முடியும்வரை மாற்ற முடியாது. அடுத்த செட் தொடக்கத்தில் மாற்றலாம், சர்வ் வரிசையையும் அப்படியே. மூன்றாவது செட்டுக்குப் பதிலாக வரும் 10 புள்ளி டைபிரேக்குக்கு முன்னும் இந்த உரிமை உண்டு. நிறையப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள். மாலை நாலரை மணிக்கு மேற்கு வெயில் கண்ணில் அடிக்கும் கோர்ட்டில், அந்தப் பக்கம் இடக்கையர் சர்வ் போடும்படி வரிசையை அமைத்தால் பந்தைத் தூக்கிப் போடும் திசை மாறும், வெயில் தொல்லை குறையும்.

10. எவ்வளவு சம்பாதிக்கலாம்? உண்மையைச் சொல்லுங்க.

2025 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 30 லட்சம் பவுண்டு. இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 6,80,000 பவுண்டு. அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். செய்தியில் வரும் இரட்டையர் தொகை எல்லாமே ஜோடிக்கு உரியது என்பதை முதலில் மனதில் கொள்ளுங்கள்.

கீழே இறங்கினால் நிலை கடினம். எம்15 போட்டியின் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர். அதில் இரட்டையர் பட்டம் வென்ற ஜோடிக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆயிரம் டாலருக்குள். ஆளுக்குப் பாதி, அதிலும் வரி பிடித்தம். விமான டிக்கெட், அறை, சாப்பாடு, மட்டை நரம்பு மாற்றும் செலவு போனால் வென்ற வாரத்திலேயே கையிலிருந்து போட வேண்டியிருக்கும். வரி பிடித்ததற்கான சான்றை அங்கேயே கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தம் உள்ள நாடுகள் என்றால் இங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடு செய்யலாம். அமெரிக்காவில் வெளிநாட்டவருக்கு 30 சதவீதம் வரை பிடிப்பார்கள்.

ஆகவே மூன்று வருடச் செலவுக்கு வழி பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒரு போக சாகுபடிப் பணத்தை நம்பி, அல்லது நிலத்தை அடகு வைத்து இதில் இறங்க வேண்டாம் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறோம். ஐரோப்பிய கிளப் லீக் ஆட்டங்கள், பொதுத்துறை நிறுவன வேலை, தமிழக அரசின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு ஆகியவற்றையும் கணக்கில் வையுங்கள்.

11. பார்ட்னரை எப்படிப் பிடிக்கிறது? சரிப்படலைன்னா எப்படி விடுறது?

இந்தத் தொழிலில் மட்டையைவிடப் பெரிய முதலீடு இது. உங்கள் தரவரிசைக்கு அருகில் இருப்பவர், உங்களுக்கு இல்லாததை வைத்திருப்பவர், நீங்கள் போகும் அதே ஊர்களுக்குப் போகிறவர் என மூன்றும் பொருந்த வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். ஒற்றையரும் ஆடுகிற பார்ட்னர் அங்கே அரையிறுதி வந்துவிட்டால் களைத்துப் போய் இரட்டையரிலிருந்து விலகக்கூடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, முன்பே பேசியிருக்க வேண்டும்.

பேசும்போது காலத்தை வைத்துப் பேசுங்கள்: ‘செம்மண் கோர்ட் சீசன் முடியும்வரை’, ‘இந்த ஆறு வாரம்’. முடிந்ததும் தொடர்வதா என்று நேரில் கேளுங்கள். அடுத்த போட்டிக்கு வேறு ஒருவருடன் பெயர் கொடுத்துவிட்டு அவர் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. சுற்றில் எல்லோரும் எல்லோரையும் மறுபடி சந்திப்பார்கள்.

எத்தனை நாளில் ஜோடி படியும் என்பதற்கு நம் ஊரிலேயே அளவுகோல் இருக்கிறது. திருவீழிமிழலை சகோதரர்கள் பேர் வாங்கிய இரட்டை நாயனத்தில் ஒருவர் மூச்சு வாங்கும் இடம் மற்றவருக்குத் தெரியும், அந்த இடைவெளி நமக்குக் கேட்காது. இரட்டையரில் அந்த இடைவெளி நடுவழியாக வரும் பந்து. ‘நான்’, ‘நீ’ என்று கத்தாமலே யார் எடுப்பது என்று தெரியத் தொடங்கினால் ஜோடி படிந்துவிட்டது. இரண்டு வாரத்தில் அது வராது. முதல் மாதத்துத் தோல்விகளை வைத்துப் பிரிய வேண்டாம்.

12. பொண்ணுங்களுக்கு இதுல வழி இருக்கா?

இருக்கிறது. சானியா மிர்ஸா 2015 ஏப்ரலில் இரட்டையரில் உலகின் முதல் இடத்தைப் பிடித்தார். அதே ஆண்டு மார்டினா ஹிங்கிஸுடன் விம்பிள்டனும் யுஎஸ் ஓபனும், 2016ல் ஆஸ்திரேலிய ஓபனும் வென்றார். கலப்பு இரட்டையரை மட்டும் நம்ப முடியாது. அது கிராண்ட்ஸ்லாம் போன்ற சில இடங்களில்தான் நடக்கிறது. 2025 யுஎஸ் ஓபனில் அதையும் 16 ஜோடிகளாகச் சுருக்கிப் பெரும்பாலும் ஒற்றையர் நட்சத்திரங்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் பட்டத்தை வென்றவர்கள் இரட்டையரில் ஊறிய எர்ரானி, வவாசோரி ஜோடிதான்.

13. படிப்பை நிறுத்தணுமா?

தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரி அணி ஆட்டத்தில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் முதலில் நடக்கும், இரண்டை வெல்லும் கல்லூரிக்கு ஒரு புள்ளி. அதற்காகவே இரட்டையர் ஆடத் தெரிந்தவர்களைத் தேடி உதவித்தொகை தருகிறார்கள். மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக ஆடி 1995ல் கல்லூரி இரட்டையர் பட்டம் வென்றவர். சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2017 சென்னை ஓபனை ரோஹன் போபண்ணாவுடனும், 2024 ஹாங்சோ ஓபனை விஜய் சுந்தர் பிரசாந்துடனும் வென்றார். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் ஆங்கிலத் தேர்வும் அங்கே கேட்பார்கள் என்பதால் பள்ளியை விட்டுவிட வேண்டாம்.

14. எத்தனை வயசு வரைக்கும் ஆடலாம்?

ஒற்றையரைவிட நீளம். போபண்ணா 2024 ஆஸ்திரேலிய ஓபனை மேத்யூ எப்டனுடன் வென்று உலகின் முதல் இடத்துக்கு வந்தபோது வயது 43. பாதிக் கோர்ட்டைத்தான் ஓடிக் காக்க வேண்டும் என்பதால் இது சாத்தியம். முதலில் தேய்வது தோளும் முழங்காலும். சர்வ் எண்ணிக்கையைப் பயிற்சியில் அளவாக வையுங்கள்.

15. மூணு வருஷமா ரேங்க் 300 பக்கமே நிக்குது. விடலாமா, தொடரலாமா?

எண்ணைப் பார்க்காமல், புள்ளி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எம்15ல் நிறைய வென்று சேர்த்த 300 வேறு, சேலஞ்சரில் இரண்டு அரையிறுதி போய் வந்த 300 வேறு. முதல் வகை என்றால் அடுத்த ஆறு மாதம் எம்15 பக்கமே போகாமல் சேலஞ்சர் மட்டும் முயலுங்கள். முதல் சுற்றில் தோற்றால் அங்கே புள்ளி பூஜ்யம்தான், அந்தப் பயத்தில்தான் பலர் கீழேயே சுற்றுகிறார்கள். கிராண்ட்ஸ்லாம் அல்லது ஏடிபி 1000 நடக்கிற வாரங்களில் பெரிய ஜோடிகள் அங்கே போயிருக்கும், சேலஞ்சர் டிரா இளகும். காலண்டரில் அந்த வாரங்களை முதலில் குறியுங்கள்.

அடுத்து, 6ஆம் கேள்வியின் கூட்டல். உங்கள் எண் 300, பார்ட்னர் 450 என்றால் கதவு திறக்காதது உங்கள் ஆட்டத்தால் இல்லாமலும் இருக்கலாம். 200க்குள் உள்ள ஒருவரிடம் நாலு வாரத்துக்குக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் ஏன் என்றும் கேளுங்கள். ‘உன் இரண்டாவது சர்வ் தாங்காது’ என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் அது இலவசமாகக் கிடைத்த பயிற்சித் திட்டம். காயத்தால் ஆறு மாதத்துக்கு மேல் உட்கார நேர்ந்தால், விண்ணப்பித்து பாதுகாக்கப்பட்ட தரவரிசை வாங்கலாம். அதைக் கேட்காமலே விட்டவர்கள் உண்டு.

இவை எல்லாம் செய்து, சென்ற ஆண்டின் பெரிய புள்ளிகள் உதிரும் வாரத்துக்குள் சேலஞ்சரில் ஒரு காலிறுதியாவது வரவில்லை என்றால், பயிற்சியாளர் சான்றிதழ்ப் படிப்புக்கு அந்த மாதமே விண்ணப்பியுங்கள். இரட்டையர் சொல்லித் தரத் தெரிந்த ஆள் திருச்சிக்குக் கிழக்கே மிகக் குறைவு.